மேற்கோள் எண்ணிக்கையும் மலைமொழிகளும்

ஆண்டுதோறும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் முகநூல் பக்கங்களை ஒரே வகை வாழ்த்துச் செய்தி நிறைக்கிறது: உலகின் தலைசிறந்த 2 விழுக்காட்டு அறிவியலாளர் பட்டியலில் எம் பேராசிரியர். 'ஸ்டான்ஃபோர்ட் பட்டியல்' என வழங்கும் இதனை அப்பல்கலைக்கழகத்தின் ஜான் அயோன்னிடிஸும் அவர்தம் குழுவினரும் 2019 முதல் வெளியிட்டு வருகின்றனர். தரவு எல்சவியர் நிறுவனத்தின் ஸ்கோபஸிலிருந்து பெறப்படுகிறது. இடம்பெற்றோரின் உழைப்பு மதிக்கத்தக்கதே. எனினும், அந்த எண் எதை அளக்கிறது என்று கேட்பதும் ஆய்வுலகின் கடமையாகும்.

பட்டியலைச் செய்தோர் எளிய கணக்கோடு நின்றுவிடவில்லை. இயற்பியலாளர் ஜார்ஜ் ஹிர்ஷ் 2005இல் முன்மொழிந்த எச்-சுட்டெண்படி, ஒருவரின் 10 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 10 முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவர் மதிப்பு 10. நூறு பேரில் ஒருவராகப் பெயர் சேர்த்தவரையும் தனித்து எழுதியவரையும் அது வேறுபடுத்தாது. ஆகவே, அயோன்னிடிஸ் குழுவினர் ஆறு அளவைகளை இணைத்தனர். தற்மேற்கோளை நீக்கியும் கணக்கிட்டனர். அறிவியலை 22 புலங்களாகவும் 174 உட்புலங்களாகவும் பகுத்தனர். மொழியியலாளர் மருத்துவரோடு அன்றி, மொழியியலாளரோடே ஒப்பிடப்படும் வழியும் பிறந்தது.

அவ்வாறாயின் குறை எங்கே? பாலக்காடு மாவட்டத்தின் அட்டப்பாடியில் விடை கிடைக்கும். கோவை, நீலகிரி எல்லையை ஒட்டிய அம்மலைப்பகுதியில் இருளர், முதுகர், குறும்பர் வாழ்கின்றனர். தமிழுக்கு மிக நெருங்கிய உறவுடைய இருள மொழியை ஜெரார்ட் டிஃப்லோத் 1968இல் கலிஃபோர்னியாவில் முனைவர் பட்ட ஆய்வேடாக்கினார். கமில் சுவலபில் 1973இல் ஜெர்மனியில் நூலாக வெளியிட்டார். திராவிட ஒப்பியலில் இருள மொழியைக் குறித்துப் பேசுவோர் இவற்றைத் தவிர்க்க இயலாது. ஆனால் இவற்றை நாடி வருவோர் தொகையே மிகச் சிறிது. மேற்கோள் எண்ணிக்கை, ஒரு நூலின் திண்மையோடு அதன் பின்வந்தோர் கூட்டத்தின் அளவையும் சேர்த்தே அளக்கிறது. ஆங்கிலத் தொடரியலில் எழுதுவோருக்கு அக்கூட்டம் பெரிது. இருள மொழிக்கு அது விரல்விட்டு எண்ணத்தக்கது. உட்புலம் ஒன்றாயிருந்தும் களம் ஒன்றாக இல்லை.

இடுக்கியிலும் இதே நிலைதான். கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியாக 2010இல் அமைந்த இடமலக்குடியில் முதுவர் வாழ்கின்றனர். மதுரையிலிருந்து மலையேறியதாகத் தம் முன்னோரைப் பற்றிச் சொல்கின்றனர். அவர்தம் பேச்சைப் பதிவுசெய்ய மலைநடையும், பருவமழையும், நம்பிக்கை பெறும் மாதங்களும் வேண்டும். இறுதியில் கிடைப்பது ஓர் ஆய்வேடு, ஒரு சொல்லகராதி, சில மணிநேர ஒலிப்பதிவு. இவற்றுள் பெரும்பாலானவை ஸ்கோபஸின் கண்ணில் படுவதேயில்லை. பணியிடத் தேர்வு எண்ணைப் பார்க்குமெனில், இளம் ஆய்வாளர் மலையேறத் தயங்குவார். ஆள் குறையக் குறைய மேற்கோளும் குறையும். அக்குறைவே அத்துறை பயனற்றது என்பதற்குச் சான்றாகக் காட்டப்படும். கட்டுரையை அடுத்த ஆண்டும் எழுதலாம். மொழியறிந்த முதியவர் அதுவரை இருப்பார் என்பதற்கு உறுதியில்லை.

இன்னொரு விடுபாடும் உண்டு. சொல்லையும் கதையையும் வழங்கும் தகவலாளி எந்தப் பட்டியலிலும் இல்லை. நன்றியுரையின் ஒரு வரியோடு அவர் பங்கு முடிகிறது. அட்டப்பாடியின் நஞ்சியம்மா இருள மொழியில் பாடிய திரைப்பாடலுக்காக 2022இல் தேசிய விருது அறிவிக்கப்பட்டபோது, அம்மொழியின் பெயரையே பலர் முதன்முறையாகக் கேட்டனர். அந்த அறிமுகத்தைக் கணக்கிடும் சுட்டெண் எதுவும் இல்லை.

2015இல் நேச்சர் இதழில் வெளிவந்த லெய்டன் அறிக்கையின் பத்து நெறிகளுள் ஒன்று, உள்ளூருக்குப் பொருந்தும் ஆய்வின் சிறப்பைக் காக்க வேண்டும் என்கிறது. அதனை நடைமுறையாக்கல் அரிதன்று. தேர்வுக்குழு பட்டியலைப் பார்ப்பதோடு ஆய்வேட்டையும் திறந்து படிக்கலாம். ஆவணக் காப்பகத்தில் சேர்த்த ஒலிப்பதிவையும் அகராதியையும் வெளியீடாக ஏற்கலாம். தகவலாளி இசைந்தால் அவரை இணையாசிரியராக்கலாம். இவற்றுள் முதலாவதற்கு எந்த ஆணையும் தேவையில்லை. அடுத்த நேர்காணலிலேயே தொடங்கிவிடலாம்.