மணற்கொல்லை உளுந்து

கடலூருக்குத் தெற்கே, கடலோர மணற்கொல்லை. சவுக்குத் தோப்புக்கும் மல்லாட்டைக்கும் நடுவே ஒரு ஏக்கர் உளுந்து. விதைத்து ஐந்து வாரம். முழங்காலுக்குக் கீழேதான் செடி. காம்பு தோறும் மஞ்சள் பூ. மணலிலும் மஞ்சள், உதிர்ந்தவை. பூப்பதில் உளுந்து குறை வைப்பதில்லை. பிஞ்சாகும் முன்னே பாதிக்குமேல் கொட்டிவிடுகிறது, அதுதான் வயிற்றெரிச்சல்.

வெயில் தாழ்ந்ததும் கொல்லைக்கார அம்மா வாளியை அலுங்காமல் தூக்கி வருகிறார். நேற்றிரவு 10 லிட்டர் தண்ணீரில் ஊறப்போட்ட 4 கிலோ டிஏபி உரம். டிரம் வாயில் பழைய வேட்டித் துணி. தெளிவை மட்டும் சாய்க்கிறார். வண்டல் போனால் நாசில் அடைத்துக்கொள்ளும். அடியில் தங்கியது தென்னைக்குப் போகிறது. பிறகு குடம் குடமாகத் தண்ணீர், 200 லிட்டர் வரை.

இந்த மணலுக்குப் பிடிமானம் இல்லை, மட்கும் இல்லை. யூரியா போட்டு ஒரு மழை பெய்தால் சத்து வேரைத் தாண்டி இறங்கிவிடும். ஆகவே இலைக்கே ஊட்டுகிறார்கள்.

கணவர் டேங்க்கைத் தோளில் ஏற்றுகிறார்.

“ஏங்க, காத்து திரும்புது.”

பேசாமல் மறுசாலுக்கு மாறுகிறார்.

அந்த அம்மா களையோடு வந்துவிட்ட ஒரு செடியைப் பார்க்கிறார். வேர்முடிச்சை நகத்தால் கிள்ளுகிறார். உள்ளே இளஞ்சிவப்பு. ஆறின கஞ்சியில் ரைசோபியம் கலந்து விதைநேர்த்தி செய்தது வேலை செய்கிறது. முகம் மலர்கிறது, எனக்கும்தான்.

கொட்டகைத் தூணில் ஒரு சிறு பாட்டில், ரப்பர் பேண்டில் ஒரு சிரிஞ்சோடு. நாஃப்தலின் அசிட்டிக் அமிலம், நாளைய தெளிப்புக்கு. லிட்டருக்கு 40 மில்லிகிராம் சேர்ந்தால் பூவை உதிராமல் நிறுத்தும். அளவு மீறினால் அதுவே பூவையும் பிஞ்சையும் உதிர்க்கும். மூடியால் ஊற்றாமல் சிரிஞ்சு வைத்திருக்கும் இவர்களை, விவரமில்லாத மணற்காட்டு ஆட்கள் என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது.

பக்கத்துக் கொல்லையில் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் ‘பயறு ஒண்டர்’ அடிக்கிறார்கள். ஏக்கருக்கு 2 கிலோ, பூக்கும் பருவத்தில். சத்தும் வளர்ச்சி ஊக்கியும் அதிலேயே சேர்ந்திருக்கும்.

கடைசி டேங்க். இலைகளெல்லாம் நனைந்து மினுங்குகின்றன.

“பதினஞ்சு நா கழிச்சு மறுபடி அடிக்கணும். டிஏபி இருக்கா?”

“கொட்டாயில இருக்கு. ஒங்க கைய மொதல்ல சோப்புப் போட்டுக் கழுவுங்க.”