வாளிக்குள் தலை இறங்கும் வேளை

பிறந்த கன்றை வாளியில் பால் குடிக்கப் பழக்குவது பார்ப்பவருக்குச் சின்ன வேலை. இரண்டு விரலைப் பாலில் நனைத்து வாயில் வைப்பார்கள்; கன்று சப்பத் தொடங்கியதும் கையை மெல்லக் கீழே இறக்கி வாளிக்குள் கொண்டுபோவார்கள். விரலோடு பாலும் வாய்க்குள் போகும். ஆனால் கன்று பிறவியிலேயே மூக்கை மேலே தூக்கித்தான் மடியைத் தேடும். வாளியோ தரையில் இருக்கிறது. அவசரப்பட்டுத் தலையை அமுக்கினால் மூக்கில் பால் ஏறித் தும்மும். அடுத்த வேளை வாளியைக் கண்டாலே பின்வாங்கும். ஆந்திராவின் பலமநேர், குப்பம் பக்கம் கன்று வளர்த்துக் கைதேர்ந்தவர்கள் அமுக்குவதில்லை, காத்திருக்கிறார்கள்.

நாலைந்து வேளை போனால் விரல் தேவைப்படாது. பிறகு வாளியின் கைப்பிடிச் சத்தம் கேட்டாலே கன்று எழுந்து நிற்கும். சத்தமும் பாலும் அதன் மூளைக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டுவிட்டன. இரண்டு நாள் தாயிடம் குடிக்கவிட்ட கன்றை வாளிக்கு மாற்றுவது ஏன் இவ்வளவு பாடு என்பதும் இதில்தான் இருக்கிறது. அங்கே மடியோடு வேறொரு முடிச்சு ஏற்கெனவே விழுந்திருக்கிறது.

முதல் நாளிலேயே இப்படிக் கற்க முடிவது எல்லாக் குட்டிகளுக்கும் வாய்த்ததல்ல. கன்று ஏறக்குறைய 280 நாள் வயிற்றுக்குள் வளர்ந்து, கண் திறந்து, காது கேட்டு வெளியே வருகிறது. எலிக்குட்டி சுமார் 22 நாளிலேயே பிறந்துவிடும். கண் திறக்கவே அதன்பின் இரண்டு வாரம் ஆகும். இளம் மூளை எப்படிக் கற்கிறது என்று இன்று தெரிந்தவற்றில் பெரும்பகுதி இந்த எலிக்குட்டியிடம் கற்றதுதான். மோப்பத்தோடு சேர்த்ததை அது முதலில் கற்கும். ஒலியும் காட்சியும் பிறகுதான். ஒரு சத்தத்தைக் கேட்கவிட்டு உடனே கண்ணருகே லேசான மின்தூண்டல் கொடுத்தால், சத்தத்துக்கே இமை மூடக் கற்க வேண்டும். 17 நாள் குட்டிக்கு இது வராது, 24 நாள் குட்டிக்கு நன்றாக வரும். இடையில் சிறுமூளையின் இணைப்புகள் முதிர்கின்றன.

இன்னும் வியப்பானதும் உண்டு. ஆய்வாளர் ரெஜினா சல்லிவன் குழுவினர் 2000-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதியது அது. பிறந்து பத்து நாள் ஆகாத எலிக்குட்டிக்கு ஒரு மணத்தையும் லேசான மின்னதிர்ச்சியையும் சேர்த்துக் கொடுத்தால், அது அந்த மணத்துக்கு அஞ்சுவதில்லை. அதை நாடிப் போகிறது. அச்சத்தைப் பதிவுசெய்யும் அமிக்டலா அப்போது இந்தக் கற்றலில் சேர்வதில்லை. கூட்டில் தாய் மிதித்தாலும் தாயை வெறுத்துவிட்டால் அந்தக் குட்டிக்குப் பிழைப்பில்லை அல்லவா? பத்து நாள் தாண்டிய குட்டி அதே மணத்துக்கு அஞ்சி ஒதுங்கும்.

‘சின்ன உசுருதானே, அடிச்சாலும் மறந்துடும்’ என்பது தொழுவத்தில் அடிக்கடி காதில் விழும் பேச்சு. முதிர்ந்த மூளையோடு பிறக்கும் கன்றுக்கு இது பொருந்தாது. தன்னை முரட்டுத்தனமாகக் கையாண்டவரையும் பரிவாக நடத்தியவரையும் கன்றுகள் பிரித்தறிந்து, முன்னவரிடமிருந்து விலகுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மூக்கணாங்கயிறு குத்தும் வயதுக்கு வெகு முன்பே கன்று ஆளை எடை போட்டுவிடும்.

அதன் திறமையைக் குறைத்து எண்ணியவர்களுக்கு 2021-இல் ஜெர்மனியிலிருந்து ஒரு செய்தி வந்தது. அங்கே 16 கன்றுகளுக்குக் குறிப்பிட்ட இடத்தில் போய்ச் சிறுநீர் கழிக்கக் கற்றுக்கொடுத்தார்கள், 11 கற்றுக்கொண்டன. சரியாகச் செய்தால் இனிப்பான தீனி. தவறினால் அதட்டலுக்குப் பதிலாக உரத்த சத்தம் வைத்துப் பார்த்தார்கள். கன்றுகள் சட்டை செய்யவில்லை. கொஞ்சம் தண்ணீர் தெளித்தது போதுமாக இருந்தது.

எதைக் கற்கிறது என்பதைப் போலவே யாரோடு வளர்கிறது என்பதும் முக்கியம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 2014-இல் வெளியான சோதனையில், எந்த நிறம் பாலைக் காட்டுகிறது என்பதைத் தனியே அடைத்த கன்றுகளும் கற்றன. விதியைத் தலைகீழாக்கியதும் அவை தடுமாறின. துணையோடு வளர்ந்தவை சீக்கிரம் மாறிக்கொண்டன. பழசை விட்டுப் புதுசைப் பிடிக்கும் திறம் துணையோடு வளர்கிறது.

கன்று யாரோடு வளர்கிறது என்ற இந்தக் கணக்கு இப்போது புங்கனூர்க் குட்டை மாட்டுக்குத்தான் அவசரமாகத் தேவை. அழிவின் விளிம்புக்குப் போன இந்த இனத்தைத் திருப்பதி ஸ்ரீ வெங்கடேஸ்வரா கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பலமநேர் ஆராய்ச்சி நிலையம் காத்துவருகிறது. 2024 சங்கராந்தியை ஒட்டிப் பிரதமர் தன் இல்லத்தில் இந்த மாடுகளுக்குத் தீனி கொடுத்த படங்கள் பரவியபின், செல்லப்பிராணியாகக் கன்று கேட்டு வருவோர் கூடியிருக்கிறார்கள். அடுக்குமாடி வீட்டு மூலையில் ஒற்றைக் கன்றைக் கட்டிவைப்பது அதன் உடலுக்கு மட்டுமல்ல, மூளைக்கும் கேடு. வாங்கத்தான் வேண்டும் என்றால் தாயோடு வாங்குங்கள். அதற்கு வழியில்லாவிட்டால் இரண்டு கன்றுகளாக வாங்குங்கள். இரண்டுக்கும் இடமில்லாதவர்கள் வாங்காமல் இருப்பதே நல்லது.