கப்பலில் இரண்டு இரவு

தோட்ட அலுவலகங்களில் விடுப்புப் பதிவேடு என்றொரு தடித்த ஏடு உண்டு. இந்நாளில் அக்கணக்கு கணினிக்குள் புகுந்துவிட்டதெனினும் பழைய ஏடுகளை நாங்கள் எறிந்துவிடவில்லை. குளுவாங் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டமொன்றில் 14 ஆண்டுகளாகக் கிராணி வேலை பார்த்துவரும் எனக்கு, ஓய்ந்த வேளையில் அவற்றைப் புரட்டிப் பார்ப்பது ஒரு பழக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் 'காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. திருமணம், இறப்பு, கருமாதி, காவடி, மருத்துவமனை, மறுபடியும் திருமணம். களைப்பாற வேண்டுமென்றோ, மனைவியோடு எங்கேனும் போய்வர வேண்டுமென்றோ எழுதி விடுப்புக் கேட்டவர் ஒருவரையும் அந்த ஏடுகளில் நான் கண்டதில்லை. ஐந்தாண்டுக்கு மேல் ஓரிடத்தில் உழைத்தவனுக்கு இந்நாட்டுச் சட்டம் ஆண்டுக்கு 16 நாள் விடுப்பு அளிக்கிறது. நம்மவர் அதனைச் சுற்றத்தாருக்கும் தெய்வத்துக்கும் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு, புறப்பட்டபோதிருந்ததை விடக் களைத்த உடம்போடு வேலைக்குத் திரும்புகின்றனர். என் கணக்கும் அதற்கு விலக்கன்று.

இந்நிலையில் 2023ஆம் ஆண்டில் என் துணைவிக்குச் சீட்டு விழுந்தது. அவள் பாலர் வகுப்பு ஆசிரியை. மாலை வேளைகளில் இரவிக்கை தைப்பாள். அந்தத் தையற் காசைத்தான் சீட்டில் கட்டிவந்தாள். பணத்தைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்து, "என்னங்க, இந்தக் காசில் நாம் இரண்டு பேரும் கப்பலில் போய்வருவோம்" என்றாள். நகை வாங்குவாள், அல்லது கூரை ஒழுக்கைச் சரிசெய்யச் சொல்லுவாள் என்று நான் எண்ணியிருந்தேன். எங்களுக்கு மணமாகி அப்போது 11 ஆண்டுகள் ஆகியிருந்தன. பத்துமலைக்குப் போயிருக்கிறோம், ஒரு வேன் நிறையச் சொந்தக்காரருடன். சிகாமட்டுக்கும் மூவாருக்கும் கலியாணங்களுக்குப் போயிருக்கிறோம், சீர்த்தட்டுகளோடு. நாங்கள் இருவராய்த் தனியே பிரயாணம் செய்ததென்று சொல்லத்தக்கது, அவளைப் பிள்ளைப்பேற்றுக்கு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்ற இரண்டு பிரயாணங்களே.

செய்தி பரவிற்று. தோட்டத்தில் எந்தச் செய்திதான் பரவாது? பிள்ளைகளைத் தான் பார்த்துக்கொள்வதாக அம்மா உடனே சொல்லிவிட்டார். மற்றவர் அவ்வளவு எளிதில் விடவில்லை. "அந்தக் காசுக்குப் பழனிக்கே போய்விட்டு வரலாமே, தம்பி" என்றார் ஒரு பெரியவர். "பெண்சாதி காசில் உல்லாசமோ?" என்று உறவினர் ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார். இந்தச் சிரிப்பை நம் சமூகத்துப் பெண்கள் நன்கறிவர். அவள் அதே பணத்தைக் கொழுந்தனின் கலியாணத்துக்கு எடுத்துக் கொடுத்திருந்தால், குத்துவிளக்கு என்று புகழ்ந்திருப்பார்கள். கைக்கு வளையலாக்கியிருந்தால் ஒருவரும் வாய்திறந்திரார். அடகுக் கடைக்குப் போகத்தக்க பொருளல்லவா! பெண் தன் உழைப்பின் ஊதியத்தைத் தன் மகிழ்ச்சிக்கென்று செலவிடும்போதுதான் ஊர் விழித்துக்கொள்கிறது.

எனினும் பண விஷயத்தை மறைத்து எழுதுதல் நேர்மையாகாது. இருவருக்கும் கட்டணம், துறைமுக வரி, பேருந்துச் செலவு எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 3,000 ரிங்கிட் ஆயிற்று. அந்நாளில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,500 ரிங்கிட். கூலிக் கணக்கை என் கையால் எழுதுகிறவன் ஆதலால் இந்த எண் எனக்கு மறக்கவில்லை. குலை வெட்டும் ஒருவனுடைய இரண்டு மாத உழைப்பு எங்களுடைய இரண்டு இரவு. அதைச் சொல்லியபோது என் துணைவி சற்று யோசித்துவிட்டு, "நான் தைத்தது எத்தனை மாதம் என்று அதையும் எழுதிப் பாருங்கள்" என்றாள். எழுதிப் பார்த்தேன். 19 மாதம். அதற்குமேல் நான் ஒன்றும் பேசவில்லை.

நாங்கள் ஏறிய கப்பல் 'கெந்திங் டிரீம்'. ஜெர்மனியின் பாப்பன்பர்க் நகரில் 2016இல் கட்டி முடிக்கப்பட்டது, நீளம் 335 மீட்டர், 18 தட்டுகள். இதற்கு முன்னர் அதனை நடத்திய ஹாங்காங் நிறுவனம் பெருந்தொற்றின் நஷ்டத்தால் 2022 தொடக்கத்தில் வீழ்ந்தது; அவ்வாண்டு சூன் மாதம் முதல் வேறொரு நிறுவனத்தின் பெயரில் சிங்கப்பூரிலிருந்து மறுபடியும் ஓடலாயிற்று. இவற்றுக்கெல்லாம் மூலமான கெந்திங் குழுமத்தை நிறுவியவர் லிம் கோ தோங். அவர் சீனத்தின் பூக்கியன் மாநிலத்திலிருந்து 1937இல், 19 வயது இளைஞராக, கப்பலேறி மலாயாவுக்கு வந்தவர். என் பூட்டனாரும் அதே 1937இல்தான் நாகப்பட்டினத்தில் கப்பலேறினார். கங்காணி சேர்த்தது; குடியேற்ற நிதியிலிருந்து இனாம் பிரயாணம். அடுத்த ஆண்டே, தோட்டக் கூலிகளை உதவிப்பணம் கொடுத்து அழைத்துச் செல்வதை இந்திய அரசாங்கம் தடுத்துவிட்டது. ஒருவர் மலையுச்சியில் நகரம் எழுப்பினார். மற்றொருவர் பால்வாளி சுமந்தார். இதனை விதியென்று சொல்லி முடித்துவிட எனக்கு மனமில்லை. ஒருவர் தம் விருப்பப்படி எங்கும் வேலை தேடலாம். மற்றவருக்குத் தோட்டத்தின் எல்லையே உலகத்தின் எல்லையாயிருந்தது. கப்பலில் இடம் பெற்ற விதத்திலேயே அந்த வேறுபாடு தொடங்கிவிட்டது.

பூட்டனார் வந்தது 'ரஜூலா' என்ற புகழ்பெற்ற கப்பலில் என்பது எங்கள் வீட்டு வழக்கு. அப்பெயரைக் கேளாத பழைய குடும்பம் மலாயாவில் இராது. பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக்காக 1926இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்டது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஓடி, 1974இல் உடைபட்டது. அதன் அளவு ஏறத்தாழ 8,500 டன். டன் என்றவுடன் நிறையென்று கொள்ளற்க. இங்கே அது கப்பலின் உள்ளிடத்தைக் குறிக்கும் அளவு. அந்த உள்ளிடத்தில் 5,000க்கும் மேற்பட்ட தட்டுப் பிரயாணிகளை ஏற்ற ஒருகாலத்தில் உரிமம் இருந்தது. நாங்கள் ஏறிய கப்பல் 1,50,000 டன்னுக்குச் சற்று மேல். பிரயாணிகளோ 3,350 பேரளவில். கிராணியின் புத்தி வேறெங்கே போகும்? வகுத்துப் பார்த்தேன். ரஜூலா நிறைந்து ஓடிய நாளில் ஆளொன்றுக்கு ஒன்றே முக்கால் டன்னுக்கும் குறைவான இடம். எங்களுக்கோ ஆளுக்கு 45. டன் கணக்கிடும் முறை இடையில் மாறியிருப்பதால் இது துல்லியமன்று; ஆயினும் விரித்த பாய்க்கும் விரித்த மெத்தைக்கும் உள்ள தூரத்தை இவ்வெண்கள் ஓரளவு காட்டும்.

கப்பலில் ஏறி, எங்கும் போகவேண்டிய காரியமில்லாமல், ஏறிய துறைக்கே திரும்பி வருவதற்குப் பணம் கொடுப்பானேன் என்று கேட்பவருண்டு. இவ்வழக்கம் தோன்றிய கதை சுவையானது. ஹாம்பர்க்–அமெரிக்கா கப்பற் கம்பெனியை நடத்திய ஆல்பர்ட் பாலின் என்பவர், குளிர்காலத்தில் அட்லாண்டிக் கடலைக் கடக்க ஆளில்லாமல் பெருங்கப்பல்கள் சும்மா கிடப்பதைக் கண்டார். 1891 சனவரியில் 'அகுஸ்தா விக்டோரியா' என்ற கப்பலைச் செல்வர் சிலருடன் மத்தியதரைக் கடலைச் சுற்றிவர அனுப்பினார். வேலையற்றுக் கிடந்த கப்பலுக்கு வேலை தேடியதன் விளைவே மனிதனின் ஓய்வுப் பிரயாணம்.

லார்க்கின் நிலையத்தில் பேருந்து மாறி, பாலத்தைக் கடந்தோம். 1924இல் திறக்கப்பட்ட அந்த ஒரு கிலோமீட்டர் பாதையைக் கடக்க எங்களுக்கு ஆன நேரத்தை நான் எழுதினால், கப்பலைவிடப் பாலமே நெடும்பிரயாணம் என்று வாசகர் கருதக்கூடும். ஜொகூர்க்காரருக்கு நான் சொல்லவும் வேண்டியதில்லை. கப்பலில் ஏறியதும் முதற்காரியமாக ஆபத்துக் காலத்தில் எங்கே கூடவேண்டும் என்பதைக் கற்பித்தனர். 2012இல் இத்தாலியக் கரையில் 'கோஸ்தா கொன்கோர்டியா' கவிழ்ந்து 32 பேர் மாண்ட பிறகு, புறப்படுமுன்னரோ புறப்பட்டவுடனேயோ இதனைச் செய்தே தீரவேண்டுமென்று சர்வதேச விதி இறுக்கப்பட்டது. என் துணைவி ஒவ்வொரு சொல்லையும் பாலர் வகுப்புப் பிள்ளைபோல் கவனித்துக் கேட்டாள். எங்கள் வீட்டில் கப்பலென்றால் நெருப்பும் நினைவுக்கு வரும். ரஜூலாவுக்குப் பின் சென்னைத் தடத்தில் ஓடிய 'சிதம்பரம்' 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பற்றியதை அம்மா இன்னும் சொல்லுவார்.

எங்கள் அறை உட்பக்கத்தது, சன்னல் கிடையாது. விலை குறைந்த அறை அப்படித்தான். அறையில் கடல் தெரியாமையால் நாங்கள் மேல்தட்டிலேயே இருந்தோம். கப்பல் நகர்ந்தபோது தெற்குத் தீவுகளின் விளக்குகள் தோன்றின. அவற்றுள் ஒன்று செயிண்ட் ஜான் தீவு. அம்மை, வாந்திபேதிக்கு அஞ்சித் தட்டுப் பிரயாணிகளை இறக்கி அடைத்துவைத்த தீவு. பூட்டனார் மலாயா மண்ணில் முதற்சோறு உண்டது அங்கேதானாம். பின்னர் கப்பல் மேற்கே திரும்பி மலாக்கா நீரிணைக்குள் புகுந்தது. வடமேற்கே செல்லும் கப்பல்கள் தம் வலப்பக்கம் ஒதுங்கிச் செல்லுமாதலால் ஜொகூர்க் கரை எங்கள் பக்கமே இருந்தது. நள்ளிரவுக்குச் சற்று முன்னர் இருளில் ஓர் ஒளி வந்து வந்து மறைந்தது. பொந்தியானுக்கு எதிரிலுள்ள பூலாவ் பீசாங் தீவின் கலங்கரை விளக்கம் அது. தீவு ஜொகூருக்குரியது, 1886இல் எழுந்த அவ்விளக்கை, 1900இல் சுல்தான் எழுதிக்கொடுத்த உடன்படிக்கையின்படி இன்றும் சிங்கப்பூர் நடத்திவருகிறது. இதனை நான் விளக்கத் தொடங்கினேன். அவள் கேட்கவில்லை. "நம் ஊர் இருட்டாக இவ்வளவு அழகாயிருக்கும் என்று தெரியாதே" என்றாள். விடியுமட்டும் அங்கேயே சாய்வு நாற்காலிகளில் கிடந்தோம். பிள்ளைகளைப்பற்றி அரைமணி நேரம், பிறகு வேறு எதையெதையோ. திருமணத்துக்கு முன் அவள் தாதியாக வேண்டுமென்று விண்ணப்பம் எழுதிக் கிழித்துப்போட்ட கதையை அன்றுதான் எனக்குச் சொன்னாள்.

மறுநாள் கப்பல் கிள்ளான் துறைமுகத்தில் நின்றது. பலர் கோலாலம்பூர் பார்க்க இறங்கினர். கிள்ளானைப் பேருந்திலேயே பலமுறை பார்த்தவர்களாகிய நாங்கள் இறங்கவில்லை. சூதாட்டக் கூடமும் இருந்தது. அதன் வாயிலில் நம்மவர் சிலரைக் கண்டேன். கள்ளுக்கடையிலிருந்து மெல்ல மீண்டுவந்த கைகள் பொறியின் பொத்தானை அமுக்கிக்கொண்டிருந்தன. அதைப் பார்த்துக்கொண்டு நிற்க விருப்பமின்றி நகர்ந்துவிட்டோம்.

எங்கள் அறையைத் துப்புரவு செய்த இளைஞர் தமிழர், திருநெல்வேலிப் பக்கம். என் துணைவி "தம்பி" என்று அழைத்ததும் அவர் முகம் மலர்ந்தது. கப்பலேறி ஏழு மாதமாகிறது என்றும், புறப்பட்டபின் பிறந்த மகளைக் கைப்பேசியில்தான் பார்த்திருப்பதாகவும் சொன்னார். வருத்தமாகச் சொல்லவில்லை; வீட்டுக்கு மாடி கட்டியதைப் பெருமையாகவே சொன்னார். நான் அறை திரும்பி அதற்குரிய விதிகளைப் படித்துப் பார்த்தேன். 2013இல் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, கப்பலாளுக்கு 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணியும், வாரத்தில் 77 மணியும் ஓய்வு வேண்டுமென்கிறது. 12 மாதம் நிறையுமுன் ஊருக்கு அனுப்பவும் சொல்கிறது. பூட்டனார் காலத்தில் இவ்வளவுகூட இல்லை. ஆனால் வாரத்துக்கு 77 மணி ஓய்வென்றால் 91 மணிவரை வேலை வாங்க இடமிருக்கிறதோ என்று கழித்துப் பார்த்துத் திடுக்கிட்டேன். ஆயினும் வேலை நேரத்தைக் கொண்டு வரையறுக்கும் நாடுகளுக்கு வாரம் 72 மணி என்ற மாற்று வரம்பும் அவ்வுடன்படிக்கையிலேயே உண்டு. கரையில், 2023 சனவரி முதல், எங்களுக்குச் சட்டம் வகுத்தது வாரம் 45 மணி. எங்கள் தோட்டத்தில் குலை வெட்டும் வங்காளதேசத்து இளைஞர்களும் இவ்வாறே மனைவி மக்களைக் கைப்பேசியில் பார்ப்பவர்கள். அவர்களுடைய விடுப்புத் தாள்களை அடுக்கிவைப்பவன் நான். ஒருவருடைய ஓய்வு மற்றொருவருடைய வேலைமீது விரித்த பாயாகவே இருக்கிறது. பாயைச் சுருட்டிவிடுவதா, முறைவைத்துப் படுப்பதா? இரண்டாவதே நடக்கக்கூடியது, அதற்கு முதலில் ஒவ்வொருவரும் தம் முறையைக் கேட்டுப் பெறவேண்டும்.

ஊர் திரும்பிய மாலை, பலர் வந்து விசாரித்தனர். பழனி யாத்திரை சொன்ன பெரியவரும் வந்து, சாப்பாட்டில் சாம்பார் உண்டா என்று கேட்டுப்போனார். அப்பாவின் அத்தை மட்டும் வாய்திறவாமல் மூலையில் அமர்ந்திருந்தார். 80 வயதைத் தாண்டியவர்; 1958இல் ரஜூலாவின் தட்டில் நாகப்பட்டினம் போய்வந்தவர். எல்லாரும் எழுந்துபோன பின்னர் என் துணைவியை அருகழைத்து, "கக்கூசுக்கு வரிசையில் நிற்க வேண்டியிருந்ததா, ஆத்தா?" என்று கேட்டார்.

"இல்லை பாட்டி. அறைக்குள்ளேயே இருந்தது."

"தண்ணீர்?"

"குழாயைத் திருப்பினால் வெந்நீரே வரும்."

பாட்டி அதை நம்புவதற்குச் சற்று நேரம் ஆயிற்று. மழை பெய்த இரவில் தட்டிலிருந்தவர் அனைவரும் ஒரே பக்கமாக ஒதுங்கியதையும், யாருடைய கூடையோ உருண்டு ஊறுகாய் கொட்டியதையும் சொல்லிச் சிரித்தார். பின்பு இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்து அவிழ்த்து, அடுத்த சீட்டு என்றைக்குத் தொடங்குகிறது என்று விசாரித்தார். சித்திரையில் என்றாள் என் துணைவி. "என் பெயரையும் எழுதிக்கொள்" என்று 50 ரிங்கிட் தாளொன்றை நீட்டிவிட்டு, சன்னல் வைத்த அறைக்கு எவ்வளவு கூடுதல் என்று என்னிடம் கேட்டார்.