ரானின் வலையும் ஒரு தகப்பனின் கோபமும்

தோர் என்றதும் சுத்தியலோடு பறந்துவரும் சினிமா நாயகன்தான் பலருக்கும் நினைவுக்கு வருவான். அந்தப் படங்களில் தேவர்கள் ஒரு பக்கம், ராட்சதர்கள் எதிர்ப்பக்கம். ஆனால் 13-ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தில் எழுதிவைக்கப்பட்ட நார்ஸ் புராணக் கதைகளில் இந்தக் கோடு அவ்வளவு நேரானதல்ல.

தேவர்களின் தலைவனான ஓடினின் தாய் பெஸ்ட்லா, ராட்சதர் குலத்துப் பெண். தோரின் தாயான பூமியும் ராட்சத வம்ச வழி வந்தவள்தான். ஆதி ராட்சதன் யிமிரைக் கொன்று, அவன் உடலால் நிலத்தையும் இரத்தத்தால் கடலையும் தேவர்கள் செய்தார்களாம். ஆக, நடப்பது பங்காளிச் சண்டை!

இது நன்றாகத் தெரிவது கடலில்தான். கடலுக்கு அதிபதி ஐகிர். ராட்சதர் இனத்தவன், ஆனாலும் தேவர்களுக்கு விருந்து வைப்பவன். எல்லோருக்கும் பீர் காய்ச்சப் பெரிய அண்டா வேண்டும் என்று அவன் கேட்க, ஹிமிர் என்ற இன்னொரு ராட்சதனிடமிருந்து அதைத் தோர் தூக்கி வருகிறான்.

ஐகிரின் மனைவி ரான். அவள் கையில் ஒரு வலை. கடலில் மூழ்குகிறவர்களை அதில் பிடித்துத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவாள். போரில் விழுந்த வீரனுக்கு வல்ஹல்லா, நீரில் போனவனுக்கு ரானின் வீடு. ஃப்ரித்யோஃப் என்ற வீரனின் கதையில், புயலில் கப்பல் தத்தளிக்கும்போது அவன் தன் பொன் வளையத்தை வெட்டி எல்லோருக்கும் பங்கு கொடுக்கிறான். ரானின் வீட்டுக்கு வெறுங்கையோடு போகக்கூடாதே!

இந்தத் தம்பதிக்கு ஒன்பது பெண்கள். ஒன்பது பேரும் அலைகள். குளிர்ந்தவள் ஒருத்தி, இரத்தக் கூந்தல்காரி ஒருத்தி, வானம் தெரியும்படி தெளிந்தவள் ஒருத்தி. பில்கியா, பாரா என்ற இரு பெயர்கள் இன்றும் ஐஸ்லாந்து மொழியில் அலையைக் குறிக்கும் சாதாரணச் சொற்கள்.

இதெல்லாம் வெறும் கற்பனை என்று ஒதுக்குவதற்கு முன் எகில் ஸ்கல்லாக்ரிம்சன் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் 10-ஆம் நூற்றாண்டு ஐஸ்லாந்துக் கவிஞர். மரம் ஏற்றிவரப் போன அவருடைய மகன் போட்வார், போர்கார்ஃபியோர்டு கடற்கழியில் புயலில் சிக்கி மூழ்கிப்போனான். மகனை அடக்கம் செய்துவிட்டு வந்த எகில், கதவைத் தாழிட்டுக்கொண்டு சாப்பிடாமல் படுத்துவிட்டார். செத்துப்போக முடிவு.

மகள் தோர்கெர்ட் வந்தாள். தானும் கூடவே சாகப் போவதாகச் சொல்லி உள்ளே படுத்தாள். கடற்பாசியை மென்றால் சீக்கிரம் சாகலாம் என்று சொல்லி அப்பாவையும் மெல்ல வைத்தாள். உப்புக்குத் தாகம் எடுத்தது. தண்ணீர் என்று பால் வந்தது. பிறகு, “தம்பிக்கு ஒரு இரங்கற்பா பாடுங்கள் அப்பா, நான் ரூன் எழுத்தில் செதுக்குகிறேன்” என்றாள்.

அப்படிப் பிறந்ததுதான் ‘சோனடோரெக்’. அதில் எகில் ஐகிர்மீதும் ரான்மீதும் சீறுகிறார். வாளால் பழிதீர்க்க முடிந்தால் தீர்த்திருப்பேன், கிழவனாகிவிட்டேன், துணைக்கு ஆளில்லை என்கிறார். ஓடினையும் விடவில்லை, ஆனாலும் கவிதை என்ற வரத்தைத் தந்தவன் அவன்தான் என்று ஒப்புக்கொள்கிறார்.

சோறு போடுவதும் ஆளை விழுங்குவதும் ஒரே கடல். அதற்கு ஒரு குடும்பத்தையும் பெயர்களையும் கொடுத்துவைத்ததால்தான், மகனைப் பறிகொடுத்தவருக்குக் கோபித்துக்கொள்ள ஆள் கிடைத்தது. பாடி முடித்ததும் எகில் எழுந்து, தன் பழைய ஆசனத்தில் போய் உட்கார்ந்தார்.