ஈரக் காற்று கனமா, லேசா? முப்பது வருடம் கழித்து ஒரு விடைத்தாள் திருத்தம்



போன மாதம் குடும்பத்தோடு ஊட்டி போய் வந்தோம். படங்களை மருமகள் அப்போதே போட்டுவிட்டாள். அங்கே நடந்த ஒன்றை மட்டும் நானே எழுத வேண்டும் என்று வைத்திருந்தேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

ஊட்டியில் வென்லாக் டவுன்ஸ் புல்வெளியில் ஜிம்கானா கிளப்பின் 18 குழி கோல்ஃப் மைதானம் இருக்கிறது. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தோம். அனந்தபுரத்தில் ஏரி வற்றினால் கில்லி ஆடி வளர்ந்தவன் நான். கோல்ஃபுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் அந்தச் சின்னப் பந்து மேலே ஏறி நின்று நிதானமாக இறங்கும் அழகு என்னைப் பிடித்துக்கொண்டது.

டீக்கடையில் ஒரு பெரியவர் பேச்சுக் கொடுத்தார். ஆட்டக்காரர்களின் பையைச் சுமந்து கூடவே நடக்கும் கேடி வேலையைப் பல வருடம் பார்த்தவராம். “காலையில பனியா இருக்கறப்ப பந்து முன்னாடியே விழுந்துடும் ஐயா. பதினோரு மணி வெயில்ல அதே அடிக்குப் பத்துப் பதினஞ்சு அடி கூடப் போகும்” என்றார்.

வாத்தியார் சும்மா இருப்பேனா? “காலையில காத்துல ஈரம் அதிகம். அதனால காத்து கனமாயிடுது. அதைக் கிழிச்சிக்கிட்டுப் போகணும் இல்லையா?” என்று விளக்கினேன். பெரியவரும் தலையாட்டினார்.

பதினோராம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி மெதுவாகச் சொன்னாள்: “இல்ல தாத்தா. ஈரக் காத்துதான் லேசு.”

எனக்குச் சுருக்கென்றது. அன்று இரவு அறையில் பென்சிலும் தாளுமாக உட்கார்ந்தேன்.

ஒரே வெப்பநிலையில், ஒரே அழுத்தத்தில், ஒரே கொள்ளளவுள்ள வாயுக்களில் மூலக்கூறுகளின் எண்ணிக்கை சமம். அவகாட்ரோ விதி. நான் எத்தனை வருடம் நடத்திய பாடம்! நைட்ரஜன் மூலக்கூறின் நிறை 28, ஆக்சிஜன் 32. நீராவி வெறும் 18. காற்றில் நீராவி சேர்ந்தால் கனமானவை விலகி, லேசானது அந்த இடத்துக்கு வருகிறது. ஆக, ஈரக் காற்று லேசுதான். மூடுபனியில் மிதக்கும் நீர்த்துளிகள் கனமில்லையா என்று கேட்பீர்கள். ஒரு கன மீட்டரில் அவை பெரும்பாலும் அரை கிராமுக்குள்தான் இருக்கும். அதே கன மீட்டர் ஊட்டிக் காற்றின் எடையோ ஏறக்குறைய ஒரு கிலோ!

அப்படியானால் காலையில் பந்து ஏன் முன்னாடியே விழுகிறது? குற்றவாளி ஈரமல்ல, குளிர். குளிர்ந்த காற்று அடர்த்தியானது. 10 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்குச் சூடானால் காற்றின் அடர்த்தி 6 சதவீதத்துக்கு மேல் குறையும். 30 டிகிரியில் காற்று முழுக்க ஈரமானாலும் அடர்த்தி இரண்டு சதவீதம்கூடக் குறையாது. குளிரில் பந்தின் ரப்பரும் விறைத்துத் துள்ளல் குறைகிறது. நனைந்த புல்லில் விழுந்த பந்து உருளுவதுமில்லை. பெரியவர் கண்ணால் பார்த்தது சரி. நான் சொன்ன காரணம்தான் தப்பு.

இதைவிடப் பெரிய கணக்கு உயரம். ஊட்டியின் உயரம் சுமார் 2,240 மீட்டர், மெக்ஸிகோ நகரத்தின் உயரமும் அதேதான். 1968 ஒலிம்பிக்கில் பாப் பீமன் 8.90 மீட்டர் தாண்டிய ஊர். பொது அறிவுக்காக உங்களைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பேனே, நினைவிருக்கிறதா? அந்த உயரத்தில் காற்று கடற்கரைக் காற்றைவிட ஐந்தில் ஒரு பங்கு லேசு. ஆனால் பந்து ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகப் போய்விடாது. பின்பக்கமாகச் சுழலும் பந்தை மேலே தூக்கிப் பிடிப்பதும் அதே காற்றுதானே? தடையும் குறைகிறது, தூக்கலும் குறைகிறது. மிச்சமாகும் லாபம் பத்து சதவீதம் போல. சென்னையில் 200 மீட்டர் போகும் அடி ஊட்டியில் 220 மீட்டர் போகும். எதிர்காற்று அடித்தால் அந்த லாபமும் போயிற்று. பின்காற்று கொடுப்பதைவிட எதிர்காற்று பிடுங்குவது அதிகம். ஆடிக் காற்றில் கில்லி ஆடியவர்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை.

கணக்கு முடிந்தது. தூக்கம்தான் வரவில்லை.

1993 டிசம்பர், அரையாண்டுத் தேர்வு. வெளியே நல்ல மழை. ஒன்பதாம் வகுப்பு விடைத்தாளில் ஒரு பையன் “ஈரக் காற்று வறண்ட காற்றைவிட லேசானது” என்று எழுதியிருந்தான். சிவப்பு மையில் சுழித்து இரண்டு மதிப்பெண் குறைத்தேன். தாளைக் கொடுக்கும்போது அவன் எழுந்து நின்று கேட்டான்: “நீராவி மேலதானே சார் போகுது? கனமா இருந்தா எப்படி சார் மேல போகும்?”

எவ்வளவு நல்ல கேள்வி! நான் என்ன சொன்னேன் தெரியுமா? “நனைஞ்ச சட்டையையும் காஞ்ச சட்டையையும் தூக்கிப் பாருடா, தெரியும்.” வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அவன் உட்கார்ந்தான். அதற்குப் பிறகு அவன் எழுந்து நின்று கேள்வி கேட்டதாக எனக்கு நினைவே இல்லை.

தெரியாமல் தப்பாகச் சொல்வது வாத்தியாருக்கும் நேரும். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து மறுநாள் திருத்தியிருக்கலாம். நான் புரட்டவில்லை. ஒரு பிள்ளையைச் சிரிப்புக்கு ஆளாக்கிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். அதுதான் உறுத்துகிறது.

தம்பி, உன் பெயரை இங்கே எழுதவில்லை. படித்தால் உனக்கே தெரியும். உன் விடை சரி. அந்த இரண்டு மதிப்பெண்ணை இன்று போட்டுவிட்டேன். அன்று சிரித்தவர்களில் பலர் இதைப் படிக்கிறார்கள். அவர்கள் முன்னாலேயே சொல்கிறேன், என்னை மன்னித்துவிடு.

அவன் இப்போது எங்கே இருக்கிறான் என்று தெரிந்தவர்கள் இதை அவனிடம் காட்டுங்கள். அனந்தபுரம் பக்கம் வந்தால் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். அவன் கேட்க நினைத்து விட்டுவிட்ட கேள்விகள் இன்னும் இருக்கும். இந்த முறை புத்தகத்தைப் பார்த்துவிட்டே பதில் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் வாத்தியார்