வைராக்கியமும் வழக்கமும்

உறுதி எடுப்பதில் மனித மனம் சலிப்பதில்லை. அதனைக் காப்பதிலேயே தளர்கின்றது. ஊவாத் தோட்டமொன்றில், தைப்பொங்கலன்று புகையிலையை விடுவதாகத் தெய்வத்தின் முன் உறுதிகொள்ளும் தாயொருத்தியை எண்ணிப் பார்க்கலாம். மூன்றாம் நாள் விடியலில், பதுளை மலைகளைத் தூறலும் குளிரும் சூழ, பிரட்டுக்களத்தில் நிற்கும் அவளது கை தானாகவே சுருக்குப்பையைத் தேடுகின்றது. கண்டோர் அவளை மனவலிமையற்றவள் என்பர். உளவியல் அவ்வாறு கூறாது.

பழக்கம் என்பது ஒரு குறிக்கும் ஒரு செயலுக்கும் இடையே நாள்தோறும் இறுகும் முடிச்சு. பிரட்டு, தேநீர் வேளை, கொழுந்து நிறுத்தல் ஆகியன அவளது நாளின் குறிகள். ஒவ்வொன்றோடும் வெற்றிலை பிணைந்துள்ளது. மென்றால் பசி அடங்கும், குளிர் தெரியாது. ஆனால், புகையிலை சேர்ந்த வெற்றிலை புற்றுநோய் விளைப்பதென அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1985இல் வகைப்படுத்தியது; 2004இல் பாக்கும் தனித்தே அப்பட்டியலில் இடம்பெற்றது.

அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890இல் வெளியிட்ட நூலில், வருந்தி உழைப்போரை அவரவர் தொழிலிலேயே நிறுத்திவைக்கும் பெருஞ்சக்தியாகப் பழக்கத்தைக் கண்டார். அப்புத்தளைக்கு அண்மையில் டம்பேதன்னைத் தேயிலைத் தொழிற்சாலை எழுந்ததும் அதே ஆண்டிலேதான். தலைமுறை தலைமுறையாகத் தொழிலாளரைப் பிரட்டுக்களத்துக்கு அழைத்துவந்த அச்சக்தி, அவர்தம் நலனுக்கும் கருவியாகலாகாதா?

ஆகலாம் என்பதற்குச் சான்றுண்டு. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரைக் கொண்டு நடத்தப்பெற்று 2010இல் அச்சேறிய ஆய்வொன்று, புதிய பழக்கமொன்று ஊன்றுவதற்கு நடுத்தரமாக 66 நாட்கள் செல்வதாகக் கண்டது. சிலருக்கு 18 நாட்கள் போதுமாயின. சிலருக்கு 254 நாட்கள் வரை வேண்டும் என மதிப்பிடப்பட்டது. இடையில் ஒருநாள் தவறியதனால் பழக்கம் குலைந்துவிடவில்லை என்பதே அவ்வாய்வு தரும் பெரிய ஆறுதல்.

எனவே, 'இனி மெல்லேன்' என்னும் வெற்று உறுதியிலும், 'பிரட்டில் பெயர் பதிந்தவுடன் கராம்பொன்றை வாயிலிடுவேன்' என்னும் திட்டமே வலியது. பழைய குறி அவ்வாறே நிற்கப் புதிய செயலொன்று அதனோடு பிணைகின்றது. எனினும், நிக்கொட்டின் உடலையும் பற்றுவதாதலின் மருத்துவத் துணையும் தேவைப்படலாம். பசியையும் குளிரையும் அவ்வாறே விட்டுவைத்து அவளிடம் வைராக்கியத்தை மட்டும் கேட்பதும் நீதியாகாது. கொழுந்து மலைக்குச் சூடான உணவு சென்றால் உறுதியின் சுமையிற் பாதி குறையும்.

விடுமுறையில் மலையகம் திரும்பும் கற்றோர் அவளுக்கு அறிவுரை கூறுமுன் இதனை எண்ணுதல் நன்று. மூன்றாம் நாள் தவறியவள் நான்காம் நாள் விடியலில் மீண்டும் தொடங்கலாம். அதனை அவளுக்கு எடுத்துச்சொல்ல ஒருவர் வேண்டும்.