கல்குடாவில் ஒரு பகல்

ஓட்டமாவடியிலிருந்து கல்குடாக் கடற்கரைக்குச் செல்வது பயணமென்று சொல்லத்தக்கதன்று. வாழைச்சேனையைத் தாண்டிக் கிழக்கே போனால் அரைமணி நேரத்துக்குள் கடல் கண்ணிற் பட்டுவிடும். ஆயினும் அவ்வழியில் என் உம்மா இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கால் வைத்தாரில்லை. கடல்மீனும் எங்கள் அடுக்களைக்குள் நுழைந்ததில்லை. மணலை, ஓரா, இறால் என்று வாவி தருவதே போதும் என்பது அவர் தீர்ப்பு. காரணத்தை நாங்கள் அறிவோம் என்றே எண்ணியிருந்தோம், ஆகவே கேட்டதில்லை.

கேட்டவள் என் மகள். பத்து வயதுப் பிள்ளைக்குத் தடை ஏது? “கடல் உங்களுக்கு என்ன செய்தது, உம்மும்மா?” என்றாள். உம்மா நெடுநேரம் வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தார். “அங்க போய்ச் சொல்றன்” என்றார். நீரில் எவரும் இறங்கக் கூடாதென்ற நிபந்தனையோடு, ஆனி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், பிட்டுப் பொதியும் தேநீர்ப் போத்தலுமாகப் புறப்பட்டோம்.

பாசிக்குடாவும் கல்குடாவும் அருகருகே அமைந்த இரு குடாக்கள். பாசிக்குடாவில் வெகுதூரம் நடந்து சென்றாலும் நீர் இடுப்பளவைத் தாண்டாது. கடலுள் கிடக்கும் பவளப்பாறை அலையின் வேகத்தைத் தணித்துவிடுகிறது. போர் முடிந்தபின் அங்கே விடுதிகள் வரிசையாய் எழுந்துவிட்டன. கல்குடாவின் நீண்ட மணற்கரையோ இன்னும் ஓய்ந்தே கிடக்கிறது. நாங்கள் போனபோது இரண்டு தோணிகளும் ஒரு நாயுமே அங்கிருந்தன. தரையிலிருந்து வீசும் கச்சான் காற்று கடலைத் தடவித் தடவித் தட்டையாக்கியிருந்தது. தென்னை நிழலில் பாயை விரித்தோம்.

அமைதியான இடமென்று நகரத்தார் இதனைப் புகழ்கிறார்கள். இவ்வமைதி தானாய் வந்ததன்று. 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு வீசிய சூறாவளி இப்பகுதியின் தென்னைகளை முறித்து வீழ்த்தியது. பின்னர் போர் வந்தது. வெளிநாட்டார் தங்கிய விடுதிகள் பாழ்பட்டன. தமிழரும் முஸ்லிம்களும் ஒருவர் ஊருக்குள் ஒருவர் போக அஞ்சிய ஆண்டுகளும் உண்டு; அவற்றை விரித்தெழுத இது இடமன்று. அதன்பின் 2004 டிசம்பர் 26.

அன்று ஞாயிற்றுக்கிழமை; பௌர்ணமி நாள். உம்மாவின் தம்பி கரைவலை மீனை வாங்கி, மிதிவண்டியில் ஊரூராய்க் கொண்டுபோய் விற்பவர். சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியில் நிலம் நடுங்கியபோது இங்கே காலை ஏழு மணி. அலை வங்காள விரிகுடாவைக் கடந்து நம் கரையை அடைய ஏறத்தாழ இரண்டு மணி நேரம் பிடித்தது. அந்நேரத்துக்குள்தான் மாமா எங்கள் வீட்டுக்கு வந்து தேநீர் குடித்தார். “பாரை கிடைச்சா கொண்டு வாறன் ராத்தா” என்று சொல்லிப் போனார். இலங்கையில் மட்டும் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். இந்துமாக்கடலுக்கென ஓர் எச்சரிக்கை ஏற்பாடு அதற்குப் பிறகே உருவாயிற்று. இரண்டு மணி நேரம்! எத்தனை பேர் எத்தனை தூரம் ஓடியிருக்கலாம்!

இவ்வளவும் நான் அறிந்தவை. அறியாததொன்றை அன்று உம்மா பேத்தியிடம் சொன்னார். தேநீர் குடித்தபின் மாமா திண்ணையில் சற்றுப் படுக்க விரும்பினாராம். வெயில் ஏறுமுன் போய் வா என்று அவரை எழுப்பி அனுப்பியவர் உம்மாதானாம்.

எனக்குப் பேச்சு எழவில்லை. மகள்தான், “அது உங்களுக்குத் தெரியாதுதானே, உம்மும்மா” என்றாள். உம்மா விடை கூறவில்லை. கடலையே பார்த்திருந்தார்.

நண்பகல் நெருங்கக் கரைவலையை இழுத்தார்கள். பெரும்பாலும் கீரிமீன், இடையே சில பாரைகள். வலைக்காரர்களுள் வயது முதிர்ந்த ஒருவர் எங்கள் பக்கம் வந்து, “ராத்தா, பாரை எடுக்கிறீங்களா?” என்றார். உம்மா சட்டென்று தலைநிமிர்ந்தார். பிறகு எழுந்து சென்று மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தார், விலை கேட்டார், அதிகமென்றார். அந்தப் பேரம் கால்மணி நேரம் நீடித்தது. வலைக்காரர் சிரித்துக்கொண்டே இறங்கி வந்தார்.

புறப்படுமுன் நிபந்தனையும் சற்றுத் தளர்ந்தது. தம் முந்தானை நுனியைப் பேத்தியின் கையிற் கொடுத்து, கணுக்கால் நனையுமளவு அவளை நிற்க விட்டார்.

வீடு சேர்ந்ததும் மீனை அவரே அறுத்தார். எங்களில் எவரையும் அடுக்களைக்குள் வர விடவில்லை.